தபசு காலத்தில் காணாமல் போன கடைவாய்ப்பல்

அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரர் செத்துப்போய் லட்சக்கணக்கான வருஷங்கள் ஆகிவிட்டன. புல்லும் இலையும் தின்றே வாழ்ந்த சாதுவான பிறவி. யார் வம்புக்கும் போயிருக்காது. அப்பேர்ப்பட்டவருடைய கடைவாய்ப்பல் ஒன்று எழுபத்தெட்டாம் வருஷம், கிறிஸ்தவர்கள் கறியை ஒதுக்கி நோன்பிருக்கிற தபசு காலத்தில் கோடைக்கானலில் காணாமல் போய், பக்கத்து ஊரான பள்ளங்கிக்காரர் ஒருவரைத் திருடனாக்கி வைத்திருந்தது.

"கடைவாய்ப்பல்லைத் திருடி என்னக்கா செய்வாக?" என்றான் மயில்சாமி, ஜீப்பைக் கொண்டை ஊசி வளைவில் ஒடித்தபடி. "பல்லு விழுந்த யானை எதுவும் சொல்லி வச்சிருக்குமோ?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு. மொதல்ல நம்ம பல்லு நமக்கு மிஞ்சட்டும்," என்றாள் விசாலாட்சி.

விசாலாட்சியைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழநி அடிவாரத்தில் யாத்ரீகர்கள் தங்குகிற சத்திரம் அவள் குடும்பத்துடையது. காவடிக் கூட்டத்தில் தொலையாத பொருள் உண்டா? செருப்பு, மூக்குக்கண்ணாடி, குழந்தை, சில சமயம் மாமியார். எல்லாவற்றையும் தேடித் தேடிக் கொடுத்தே அவளுக்கு அந்தக் கை வந்துவிட்டது. ஒரு நாள் சத்திரத்து வாசலில் 'தொலைந்தவை கண்டுபிடித்துத் தரப்படும்' என்று பலகையே மாட்டிவிட்டாள். மயில்சாமி அவளிடம் முதன்முதலில் வந்ததும் தன் ஜீப்பைத் தொலைத்துவிட்டுத்தான். ஜீப் கிடைத்தது. அன்றிலிருந்து ஜீப்பும் அவனும் அவளிடமே தங்கிவிட்டார்கள். ஓட்டுவது பாதி, வாயாடுவது பாதி என்று அவன் சோலி நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

இந்த முறை தேடி வந்தவள் செல்வமேரி. பழநிச் சந்தைக்கு பீன்ஸ் மூட்டையோடு இறங்கியவள், மூட்டையைச் சந்தையில் போட்டுவிட்டு நேரே சத்திரத்துக்கு வந்து நின்றாள். அவளுடைய புருஷன் மனுவேல், கோடைக்கானலில் ஒரு மிஷன் வீட்டில் இருக்கிற சின்ன மியூசியத்துக்குக் காவலாள். அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் நர்மதைக் கரையிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்த பூர்வகாலத்து மிருகங்களின் எலும்புகள் அங்கே கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. நீர்யானைத் தாடை, காட்டெருமைக் கொம்பு, குதிரைப் பல். எல்லாவற்றுக்கும் ராஜா மாதிரி ஒரு யானையின் கடைவாய்ப்பல். அந்த யானை இப்போதைய யானைக்கு அப்பா தாத்தா இல்லையாம், பெரியப்பா முறையாம். அந்த வம்சமே பூண்டற்றுப் போய்விட்டது.

அந்தப் பல்லைப் பார்ப்பதற்கென்றே மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியர் இந்த வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அவர் வருகிற வாரம் பார்த்து, மனுவேல் அலமாரியைத் துடைக்கத் திறந்தால், பல் இருந்த இடத்தில் சிவப்பு வெல்வெட் மட்டும் இருக்கிறது. சாவி இரண்டே இரண்டு. ஒன்று மனுவேலிடம், மற்றது மிஷன் வீட்டுப் பெரிய பாதிரியார் அருளப்பன் சாமியிடம். சாமி எடுத்திருப்பாரா? அப்படியானால் யார் பாக்கி? சமையல்கட்டு ஆட்கள், தோட்டத்து ஆட்கள் எல்லார் முன்னாலும் வைத்து அருளப்பன் சாமி மனுவேலைத் திருடன் என்றே சொல்லிவிட்டார். பேராசிரியர் வந்து இறங்குவதற்குள் பல் வரவில்லையென்றால் போலீஸ்.

செல்வமேரி அழவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

"எம் புருஷனைத் திருடன்னு சொன்னது அந்தச் சாமி வாயிங்க. இல்லைன்னும் அந்த வாயே சொல்லணும். பல்லு கெடைக்குறது உங்க சோலி. இது என் சோலி."

அந்த வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஜீப் மலை ஏறியதற்குக் காரணம் இதுதான்.

மிஷன் வீட்டு வாசலில் தைலமரத்தடியில், ஒரு தகரப் பெட்டியின் மேல் மனுவேல் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, துவைத்துத் தேய்ந்த காக்கிக் கோட்டு. மத்தியானப் பஸ்ஸில் பள்ளங்கிக்குப் போகிறாராம். போலீஸ் வருவதாக இருந்தால் வீட்டுக்கே வரட்டும், பொண்டாட்டி பக்கத்தில் இருக்கும்போது வரட்டும் என்றார்.

விசாலாட்சி அவரிடம் ஒன்றுதான் கேட்டாள். அந்தப் பல் பார்க்க எப்படி இருக்கும்?

மனுவேலின் கைகள் தாமாகவே எழுந்து காற்றில் அதை வனைந்தன. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைச்சலான நீளம். பழுப்பும் கறுப்புமாய் நிறம். மேலே குறுக்காக வரப்பு வரப்பாய் ஓடும், ஓட்டுக் கூரைகளை வரிசையாக அடுக்கினதுபோல. தூக்கினால் கை இறங்கும்.

"எல்லாரும் வந்து பாத்துட்டு இது பல்லாம்பாக," என்றார் மனுவேல். "நான்தாங்க சொல்லுவேன், எம்புட்டு எலையை அரைச்ச வாயி இதுன்னு. ஒரு நாளைக்காவது கடிச்சிருக்குமா யாரையாவது?"

மயில்சாமிக்கு அங்கேயே தீர்ப்பு எழுதிவிடலாம் போலிருந்தது. தொலைந்த சாமானைப் பற்றி இவ்வளவு பிரியமாகப் பேசுகிறவன் அதை எடுத்திருக்க மாட்டான். ஆனால் இதை அக்காளிடம் சொன்னால், சத்திரத்தில் மாமியாரைத் தொலைத்தவர்கள்கூட அப்படித்தான் பேசுவார்கள் என்பாள். ஆகவே வாயை மூடிக்கொண்டான்.

அருளப்பன் சாமி வராந்தாவிலேயே எதிர்ப்பட்டார். நல்ல உயரம், நல்ல பருமன், குழந்தை முகம். வந்த வேகத்தில் மயில்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கி, பேராசிரியர் இத்தனை இளவயசாக இருப்பார் என்று நினைக்கவேயில்லை, பயணம் சௌகரியமா என்று விசாரித்தார். சௌகரியம்தான், கொஞ்சம் பசி என்று மயில்சாமி சொல்லி முடிப்பதற்குள் விசாலாட்சி குறுக்கே புகுந்து தாங்கள் யார் என்பதைச் சொன்னாள்.

சாமிக்கு முகம் வாடிவிட்டது. அவருக்கு மனுவேல் மேல் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நல்ல மனிதன், ஏரிக்கரைக் கடைக்காரன் செல்லப்பாண்டி பேச்சில் மயங்கிவிட்டான் என்றார். அந்தச் செல்லப்பாண்டி மூன்று தடவை வந்து இந்த அலமாரியை முறைத்துப் பார்த்துவிட்டு, விலைக்குத் தருவீர்களா என்று கேட்டவன்.

"வேற யாரும் அறைக்குள்ள வர்றதில்லையா ஃபாதர்?" என்று விசாலாட்சி கேட்டாள்.

"யாரு வரா? சமையக்காரம்மா சூசையம்மா டீ கொண்டு வந்து குடுக்கும். தபசு காலம் வந்தா அதுவும் கிடையாது. எலும்பு இருக்கிற அறையில காலடி வைக்க மாட்டேன்னு வாசல்லயே நின்னுக்கிட்ட பிறவி அது." சாமி இடுப்புக் கயிற்றைத் தட்டிக் காட்டினார். ஒரு பெரிய சாவிக் கொத்து கிணுகிணுத்தது. "மனுவேல்கிட்ட ஒண்ணு. இன்னொண்ணு இந்தக் கொத்துல. இது என் இடுப்பை விட்டு எறங்கினதே கிடையாதும்மா. பிறகு யாரைச் சொல்லச் சொல்றீங்க?"

இதைக் கேட்டபடியே கொத்தை அவிழ்த்தார். நீங்களே திறந்து நன்றாகப் பாருங்கள் என்று விசாலாட்சி கையில் கொடுத்தார். அதே மூச்சில், விருந்தாளி அறைக்குக் கம்பளி போட்டார்களோ இல்லையோ என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

மயில்சாமி அக்காள் கையில் கிடந்த கொத்தைப் பார்த்தான். அவர் போன திக்கைப் பார்த்தான்.

"எறங்கினதே கிடையாதுன்னாரு."

"சத்தம் போடாத," என்று சொல்லி, திறக்க வேண்டியதைத் திறந்துவிட்டு, விசாலாட்சி கொத்தைத் தன் சால்வை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள்.

கண்ணாடி அலமாரிக்குள் எல்லாம் அமைதியாக இருந்தன. பல் இருந்த இடத்தில் வெல்வெட்டு அமுங்கி, அது இன்னும் உட்கார்ந்திருப்பதுபோலவே ஒரு பள்ளம். பக்கத்தில் வெள்ளிப் பிடி போட்ட ஒரு கத்தி, தட்டில் வைத்ததுபோல் பளபளத்தது. யாரும் அதைத் தொடவில்லை. ஆனால் நீர்யானைத் தாடை தன் பள்ளத்திலிருந்து ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. காட்டெருமைக் கொம்பும் அப்படியே. யாரோ ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று திரும்ப வைத்திருக்கிறார்கள்.

"திருட வந்தவன் இம்புட்டு நிதானமாப் பொறுக்குவானா?" என்றான் மயில்சாமி. "கத்தரிக்காயை அமுக்கிப் பாத்துட்டுப் போடுறாப்புலல்ல இருக்கு."

விசாலாட்சி திரும்பி அவனைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் அவன் உருப்படியாக ஏதோ சொல்லிவிட்டான் என்று அர்த்தம். என்ன சொன்னோம் என்பது மட்டும் அவனுக்கு ஒருபோதும் தெரிவதில்லை.

கண்ணாடிக் கதவின் ஓரத்தில் ஒரு விரல் தீற்றல் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மனுவேல் இருந்திருந்தால் துடைத்திருப்பார். அவரை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டதால் அப்படியே நின்றுவிட்டது. அதை மொய்த்துக்கொண்டு எறும்புகள் வரிசையாய் ஏறி இறங்கின. கல்லும் தூசியுமாய் இருக்கிற அலமாரியில் எறும்புக்கு என்ன விருந்து? விசாலாட்சி குனிந்து முகர்ந்தாள். புளிப்பு வாடை.

"இப்ப ஏரிக்கரைக்குப் போவோம்," என்றாள்.

ஏரியில் பனி விலகி, படகுகள் கட்டுத்தறியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. சீசனுக்கு இன்னும் நாள் இருந்ததால் கடைகள் தூங்கி வழிந்தன. செல்லப்பாண்டியின் கடையில் யூக்கலிப்டஸ் தைலம், மரத்தில் செய்த யானை, கம்பளித் தொப்பி, சுவரில் ஒரு மான் கொம்பு. அவர் கல்லாவுக்குப் பின்னால் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். போலீஸுக்கு முன்னாலேயே இவர்கள் வந்தது அவருக்குச் சந்தோஷம் போலத்தான் இருந்தது. சாமி தன் பேரைச் சொல்லிக்கொண்டு திரிவது ஊருக்கே தெரியுமாம்.

விசாலாட்சி சுற்றி வளைக்கவில்லை. அந்த அலமாரியிலிருந்து ஒரு சாமானை எடுத்துக்கொள் என்றால் நீங்கள் எதை எடுப்பீர்கள் என்று கேட்டாள்.

செல்லப்பாண்டி யோசிக்கவே இல்லை. வெள்ளிப்பிடிக் கத்தி. அது இல்லையென்றால் காட்டெருமைக் கொம்பு. சுவரில் மாட்டினால் பம்பாய்க்காரன் பேரம் பேசாமல் வாங்குவான். மூன்று தடவை போய்க் கேட்டதும் அந்தக் கொம்பைத்தான்.

"பல்லு?" என்றான் மயில்சாமி.

"அதை எவங்க வாங்குவான்? வாங்கிட்டுப் போயி வீட்டுல வச்சா, வேலைக்காரம்மா அம்மின்னு நெனச்சு மொளகாய வச்சு அரைச்சிரும். பாக்குற கண்ணுக்கு அது ஒரு கனத்த கல்லு. மனுவேலு கதை சொன்னாத்தான் அது பல்லு."

விசாலாட்சி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்துவிட்டாள். ரொம்ப நன்றி, பெரிய உதவி செய்தீர்கள் என்றாள். செல்லப்பாண்டிக்குத் தான் என்ன உதவி செய்தோம் என்று புரியவில்லை. இருந்தாலும் மரியாதைக்கு வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"அக்கா, அவரை நாம இன்னும் புடிக்கவே இல்லையே," என்றான் மயில்சாமி ஜீப்பில் ஏறிக்கொண்டு.

"அவருதான் நமக்குப் புடிச்சுக் குடுத்திருக்காரு. வெரசா திரும்பு."

திரும்பி வந்தபோது மதியம் நெருங்கிவிட்டது. தைலமரத்தடியில் மனுவேல் அப்படியே இருந்தார். பேராசிரியரைக் கொண்டு வருகிற வத்தலக்குண்டு பஸ்ஸும், மனுவேல் ஏறப்போகிற பள்ளங்கிப் பஸ்ஸும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் மிஷன் வாசலில் நிற்கும். அருளப்பன் சாமி வராந்தாவில் நடையாய் நடந்துகொண்டிருந்தார். செல்லப்பாண்டி ஒப்புக்கொண்டானா என்று கேட்டார். விசாலாட்சி, பசிக்கிறது, முதலில் ஏதாவது சாப்பிட்டால் தேவலை என்றாள். மயில்சாமிக்கு இது புதிது. சோறு கேட்பது எப்போதும் அவன் வேலை.

சாப்பாட்டு மேஜைக்கு சூசையம்மாள்தான் கொண்டுவந்து வைத்தாள். ஒடிசலான உடம்பு, வெள்ளைச் சேலை, கழுத்தில் ஜெபமாலை, அழுது சிவந்த கண். ரொட்டி, அவித்த பீன்ஸ், ஒரு தட்டில் துண்டு போட்ட சீஸ். தபசு காலத்தில் இந்த வீட்டு அடுப்பில் கறி ஏறாது, மெட்ராஸ் விருந்தாளிக்கென்று இந்த வாரமே சீஸ் போட்டு வைத்தேன், வேறு ஒன்றும் இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டாள். பிறகு மனுவேல் பேச்சு வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மனுவேலண்ணனுக்காக, தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறாளாம். அந்தப் பல் கிடைத்துவிட்டால் மெழுகுதிரி ஏற்றுவதாக, ராத்திரியும் பகலும் பால் வேலைக்கு நடுவிலேயே ஜெபித்துக்கொண்டிருக்கிறாளாம். வீடு முழுக்கத் தேடியும் பார்த்தாளாம்.

மயில்சாமி இரண்டாவது சீஸ் துண்டைக் கையில் எடுத்தான். மேல் பக்கம் குறுக்காக மேடும் பள்ளமுமாய் இருந்தது.

"அழகாப் பண்ணியிருக்காகக்கா. மேலிருந்து பாத்தா பூம்பாறைப் பூண்டு வயலு தெரியுமே, அதே மாதிரி வரப்பு வரப்பா."

விசாலாட்சி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏலே, திங்காத. அது சாட்சி."

மயில்சாமி மெதுவாக மென்று விழுங்கினான். "சாட்சியில பாதி உள்ள போயிருச்சேக்கா."

விசாலாட்சி சூசையம்மாளிடம் மிகவும் சாந்தமாக, இந்தச் சீஸ் போடுகிற இடத்தைப் பார்க்க ஆசை என்றாள். சூசையம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதுவரை யாரும் அதைப் பார்க்கக் கேட்டதில்லை. எல்லாரும் சாப்பிடத்தான் கேட்டிருக்கிறார்கள். அருளப்பன் சாமி, இப்போது இது ஒரு கேடா என்கிற முகத்தோடு பின்னால் வந்தார்.

சமையல்கட்டுக்குப் பின்னால், எப்போதும் சில்லென்று இருக்கிற ஒரு சின்ன அறை. திரித்த பாலை மெல்லிய துணியில் மூட்டை கட்டி, துளை போட்ட நீளமான மரப்பெட்டிக்குள் இறக்கி, மேலே பாரம் வைப்பது அவள் வழக்கம். தண்ணீர் வடிந்து கீழே வாளியில் சொட்டும். இப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியின் மேல், வெள்ளைத் துணிக்குள் பாதி அமுங்கி, பழுப்பும் கறுப்புமாய் ஒரு பாரம்.

விசாலாட்சி அதை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பினாள். வரப்பு வரப்பாய், கூரை கூரையாய், தண்ணீர் வழிய வழிய, அந்தப் பெரியப்பா யானையின் கடைவாய்ப்பல் எல்லாரையும் பார்த்துச் சிரித்தது.

வழிகிற தண்ணீர் தரையில் விழாமல் சூசையம்மாள் வாளியை நகர்த்தி வைத்தாள்.

"லட்சம் வருஷம் பட்டினி கெடந்துட்டு," என்றான் மயில்சாமி தணிந்த குரலில், "மொதக் கடியே சீஸுல கடிச்சிருக்கு."

அருளப்பன் சாமியின் குரல் இடிபோல வந்தது. சூசையம்மா, இது என்ன தெரியுமா, இது எங்கே இருந்தது தெரியுமா, உன்னைப் போய் நான் நம்பினேனே என்று என்னென்னவோ சொன்னார். சூசையம்மாளுக்கு எதுவும் விளங்கவில்லை. பயந்துபோய்ப் பல்லையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது கல்லுங்க சாமி."

"இதுதாம்மா அந்தப் பல்லு."

"பல்லா?" அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "பல்லுன்னா வெளேர்னு இருக்கும், வேரு இருக்கும்னு நான் தொழுவம் வரைக்கும் தேடினேனே. இது கல்லுன்னு நீங்கதான சாமி சொன்னீங்க?"

"நானா? எப்ப?"

அப்புறம்தான் அது நிதானமாக வெளியே வந்தது. பழைய பாரக் கல் திங்கட்கிழமை இரண்டாய்ப் பிளந்துவிட்டது. மேல் பலகையையும் உடைத்துக்கொண்டு விழுந்தது. விருந்தாளி வருகிறார், தபசு காலம், கறியும் கிடையாது, சீஸும் இல்லையென்றால் மிஷன் வீட்டு மானம் என்ன ஆவது? சாமியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் ஜெபப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், இந்த வீட்டில் எங்கே வேண்டுமானாலும் பார்த்து, தோதான கல் ஒன்றை எடுத்துக்கொள் என்றார். தோட்டத்துக் கல்லையெல்லாம் பார்த்தாள். நத்தை ஊர்ந்த கல்லைக் கொண்டுபோய்ப் பால் மேல் வைக்க மனசு வரவில்லை. இந்த வீட்டிலேயே துடைத்துத் துடைத்துச் சுத்தமாய் வைத்திருக்கிற கல் மனுவேலண்ணன் அறையில்தானே இருக்கிறது? ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தாள். தாடை கோணல். கொம்பு உருண்டை. இது ஒன்றுதான் பெட்டிக்கு அளவாய், வரப்பு வழியே தண்ணீர் வடியத் தோதாய் இருந்தது. மனுவேலண்ணன் அப்போது சந்தைக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் சொல்லலாமென்று இருந்தவள், பால் வேலையில் மறந்தும் போனாள்.

"எலும்பு இருக்கிற அறைக்குத் தபசுல போக மாட்டீங்கன்னு ஃபாதர் சொன்னாரே?" என்றாள் விசாலாட்சி.

"போக மாட்டேந்தாங்கம்மா. தபசு தொடங்குற விபூதி புதன் அன்னிக்கு நான் வாசல்ல நிக்குறதைப் பாத்துட்டு சாமிதான் கூப்பிட்டுச் சொன்னாக." சூசையம்மாள் சாமியின் குரலிலேயே, விரலை நீட்டிச் சொல்லிக் காட்டினாள். "'சூசையம்மா, இதெல்லாம் மண்ணுக்குள்ள கெடந்து கெடந்து கல்லாவே மாறிப்போச்சு. இதுல ஒரு பொட்டு எலும்பு இல்ல. தபசுக்கு ஒரு குந்தகமும் இல்ல.' சாமி வாக்குல்ல? நம்பித்தான் பால் மேல வச்சேன். எலும்புன்னு தெரிஞ்சா இந்த மாசத்துல பாலுகிட்டக் கொண்டாருவேனா நான்?"

அருளப்பன் சாமிக்கு விபூதி புதன் ஞாபகத்துக்கு வந்தது. அவர் சொன்னது அத்தனையும் நிஜம். எலும்பு கல்லானதும் நிஜம், தபசுக்குக் குந்தகம் இல்லாததும் நிஜம். பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரே ஒரு கொம்பு பாக்கி இருந்தது.

"சாவி? என் இடுப்பை விட்டு எறங்காத சாவி இவளுக்கு எப்படி..." என்று இடுப்பைத் தட்டினார். சத்தம் வரவில்லை. மறுபடி தட்டினார்.

விசாலாட்சி சால்வைக்குள்ளிருந்து கொத்தை எடுத்து நீட்டினாள். காலையில் கொடுத்தது, நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்றாள். இவளிடமும் அன்றைக்கு இப்படித்தான் கொடுத்திருப்பீர்கள், சாயங்காலம் இவளே கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருப்பாள். ஆமாம், ஆமாம் என்று சூசையம்மாள் தலையாட்டினாள்.

சாமி சாவியைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், வரப்பு விழுந்த சீஸைப் பார்த்தார். அந்தப் பருத்த உடம்பு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று மயில்சாமி பயந்தான். இல்லை, சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சூசையம்மாளும் என்ன ஏதென்று தெரியாமலே கூடச் சிரித்தாள். சட்டென்று அவர் சிரிப்பு நின்றது.

"மனுவேல் எங்க?"

வெளியே பஸ் ஹாரன் கேட்டது.

அருளப்பன் சாமி ஓடினார். அவர் ஓடி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லையாம். அங்கியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோட்டத்து முட்டைக்கோஸ் பாத்தியின் குறுக்கே விழுந்தடித்து ஓடினார். மயில்சாமியும் பின்னால் ஓடினான். வாசலில் இரண்டு பஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாய் நின்றன. முன்னதிலிருந்து மூக்குக்கண்ணாடியும் தோல்பையுமாய் ஒருவர் இறங்கி, அங்கியைப் பார்த்ததும் கை கூப்பி, நான்தான் குமாரவேல், மெட்ராஸிலிருந்து என்றார். நாலு நாளாய் யாருடைய வரவை நினைத்து அருளப்பன் சாமிக்குத் தூக்கம் போயிற்றோ, அந்தப் பேராசிரியர்.

"உள்ள போங்க, பல்லு பால் அறையில இருக்கு," என்று சொல்லிவிட்டு, நிற்காமல் அடுத்த பஸ்ஸில் தாவி ஏறினார் சாமி.

மயில்சாமி ஜன்னலோரமாய் எட்டிப் பார்த்தான். மனுவேல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமி அவர் முன்னால் நின்று, மூச்சு வாங்க வாங்க, பல் கிடைத்ததையும் கிடைத்த இடத்தையும் சொல்லி, மனுவேல், என்னை மன்னிச்சிரு என்றார். பூண்டு மூட்டைக்காரர்களும் கூடைக்காரிகளும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

மனுவேல் முகத்தில் முதலில் தெரிந்தது பல் பத்திரமாய் இருக்கிறது என்கிற நிம்மதிதான். அப்புறம்தான் மற்றது.

"எங்கிட்ட எதுக்கு சாமி சொல்றீங்க? நான் எடுக்கலைங்கிறது எனக்கு அப்பவே தெரியும். தெரியாதவுககிட்டச் சொல்லுங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. இறங்குவதா என்று சாமி ஒரு நொடி படியைப் பார்த்தார். பிறகு மனுவேலின் பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

விசாலாட்சி பேராசிரியரைப் பால் அறைக்குக் கூட்டிப்போய் விட்டாள். அவர் கோபப்படுவாரோ என்று சூசையம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றாள். பேராசிரியர் பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சேதமும் இல்லை, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும் என்றார். அப்புறம் பெட்டியிலிருந்த சீஸைப் பார்த்தவர் முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை துல்லியமான அச்சைச் சுண்ணாம்புக் கலவையில்கூட எடுத்ததில்லையாம். தயவுசெய்து இதை யாரும் வெட்டிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். சாப்பிடக் கொடுக்கத்தானே இவ்வளவு பாடுபட்டேன் என்று சூசையம்மாளுக்கு மனத்தாங்கல்.

"வா, சாமியாரைத் திருப்பிக் கூட்டியாரணும்," என்று விசாலாட்சி ஜீப்பில் ஏறினாள்.

பஸ் ஊர்ந்து ஊர்ந்து இறங்கியது, ஜீப் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போயிற்று. பள்ளங்கியில் அவர்கள் போய் நின்றபோது, சரிவில் அடுக்கடுக்காய் இருந்த வீடுகளில் ஒன்றின் முன்னால் ஏற்கெனவே கூட்டம் கூடியிருந்தது. அங்கி போட்டவர் பஸ்ஸிலிருந்து பெட்டி சுமந்து இறங்கினால் சும்மா இருக்குமா ஊர்? செல்வமேரி நிலைப்படியில் இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றாள். மனுவேல் ஓரமாய், கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். வேண்டாம், போதும் என்று பொண்டாட்டிக்குக் கண்ணால் சொன்னார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அருளப்பன் சாமி பெட்டியைக் கீழே வைத்தார்.

"செல்வமேரி, மனுவேல் எதையும் திருடலை. சாவியைக் குடுத்தவன் நான், எடுத்துக்கச் சொன்னவன் நான். பழியை மட்டும் இவன் தலையில வச்சிட்டேன். தப்பு என்னோடது."

செல்வமேரி கேட்டுக்கொண்டாள். நிலைப்படியை விட்டு அவள் நகரவில்லை.

"மேல வீட்டுக்காரவுகளுக்குக் கேட்டிருக்காது சாமி."

மயில்சாமி சிரிப்பை அடக்க ஜீப்பின் ஸ்டியரிங்கைக் கடித்தான். விசாலாட்சி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அருளப்பன் சாமி அண்ணாந்து சரிவைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு, பெரிய திருநாளன்று கோவிலுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி பிரசங்கம் வைக்கிற அந்தக் குரலை எடுத்து, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் அத்தனையும் மறுபடி சொன்னார். பீன்ஸ் கொடிகளிலிருந்து குருவிகள் எழுந்து பறந்தன.

சத்தம் அடங்கியதும் மேட்டிலிருந்து ஒரு கிழவர் குரல் வந்தது.

"கேட்டுருச்சு சாமி."

செல்வமேரி முந்தானையை எடுத்து முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். நிலைப்படியிலிருந்து ஒதுங்கி வழிவிட்டாள்.